காத்திருக்க முடிந்தவர்கள்

"இன்னுமா படிக்கிற?" பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கல்யாண வீடுகளில், கருமாதிப் பந்தல்களில், செந்துறை போகும் பேருந்தின் நெரிசலில் இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழுந்துவிடுகிறது. கேட்பவர் பெரும்பாலும் அத்தையாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. "பாப்பா இன்னுமா படிக்குது? எப்பத்தான் முடியுமாம்?" என்று தாயிடம் விசாரிக்கும்போது குரலில் வாஞ்சைகூட இருக்கும். அந்தப் பாப்பாவுக்கு வயது இருபத்தாறோ இருபத்தெட்டோ. அந்தத் தெருவில் முதன்முதலாக முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்த பிள்ளை. பதில் சொல்லத் தெரியாமல் சிரிக்கும். தாய் பேச்சை மாற்றுவாள். இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை. தகுதி, மதிப்பெண், இடஒதுக்கீடு, தரம் என்று நாம் கருத்தரங்குகளில் பேசுகிற எதையும்விட அந்த அத்தையின் கேள்வி விஷயத்தின் நெஞ்சுக்கு நெருக்கமாக நிற்கிறதோ என்ற சந்தேகம் நெடுநாளாக என்னை அரிக்கிறது. அவள் கேட்பது காலத்தைப் பற்றி. உனக்கு இன்னும் எத்தனை வருடம் மிச்சமிருக்கிறது, அந்த வருடங்களை யார் கொடுப்பது, அதுவரை வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்பதைத்தான் அவள் தன் பாஷையில் கேட்கிறாள். உயர்கல்விக்குள் வரும் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு எது குறைகிறது என்ற கேள்விக்குப் பணம் என்றும், ஆங்கிலம் என்றும், வழிகாட்ட ஆளில்லை என்றும் பதில் சொல்கிறோம். எல்லாம் உண்மை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில், காத்திருக்கும் வசதி என்ற ஒன்று இல்லாமல் போயிருப்பதை நாம் அளந்ததே இல்லை.

குழுமூர் அனிதாவைப் பற்றி எழுதாமல் அரியலூர் மாவட்டத்தில் கல்வியைப் பற்றி எழுத முடியாது. எழுதும்போதெல்லாம் ஒரு கூச்சமும் வந்துவிடுகிறது. அந்தப் பெயரை நாம் ஒரு முழக்கமாக ஆக்கி, அந்தப் பெண்ணின் கணக்கைப் படிக்காமல் விட்டுவிட்டோம் என்ற கூச்சம் அது. அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். தாய் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். 2017-ல் பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1176. பழைய முறைப்படி மருத்துவக் கட்-ஆஃப் 200-க்கு 196.75. அதே ஆண்டு மே மாதம் எழுதிய நீட் மருத்துவ நுழைவுத் தேர்வில் 720-க்கு 86. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது உண்மையான தகுதி என்று ஊரே வாதாடியது. அந்த வாதத்தில் விடுபட்டுப்போன எண் ஒன்று உண்டு: ஒன்று. ஒரு வருடம். அந்த 2017 கோடையில் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது நீட்டிலிருந்து நிரந்தர விலக்கு. அது கிடைக்காது என்று தெரிந்தபின் கடைசியாகக் கேட்டது ஓராண்டு விலக்கு. அதற்கான அவசரச் சட்டத்துக்கு ஆதரவு உண்டு என்று ஆகஸ்டு நடுவில் மத்திய அமைச்சர் ஒருவர் சொன்னார். ஆகஸ்டு 22 அன்று அந்த ஆதரவு இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. நீட் தரவரிசைப்படியே சேர்க்கை நடத்த உத்தரவு வந்தது. அந்த வழக்கில் தன்னையும் ஒரு தரப்பாக இணைத்துக்கொண்டிருந்த அனிதா செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு வருடப் பாடத்தை ஒரு தேர்வுக்காகப் படித்து முடித்த பிள்ளையிடம் வேறொரு தேர்வுக்கான பாடத்தைச் சில மாதங்களில் கேட்டார்கள். ஒரு மாநிலமே சேர்ந்து ஒரு வருடத்தைக் கடன் கேட்டும் கிடைக்கவில்லை. குழுமூரில் ஒரு வீடு தனியாக அந்த வருடத்தை எங்கே போய்ப் புரட்டும்?

"அடுத்த வருஷம் எழுதியிருக்கலாமே" என்று அப்போது பலர் சொன்னார்கள். நல்ல மனதுடன்தான் சொன்னார்கள். எந்தத் தோல்விக்கும் உயிர் விலையாகக் கூடாது என்பதில் எனக்கும் இரண்டாவது கருத்து இல்லை. இன்று அந்த நிலையில் நிற்கும் எந்தப் பிள்ளையும் பேச ஆள் தேடி, உதவி கேட்டு, உயிரோடு இருந்து சண்டை போட வேண்டும். ஆனாலும் அந்த "அடுத்த வருஷம்" யாருடைய பையில் இருந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நீட்டின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் என்னைத் தூங்கவிடாத ஒரு விவரம் இருக்கிறது. 2016-17-ல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் பிளஸ் டூ முடித்து ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருந்து மீண்டும் முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020-21-ல் அது 71.42 சதவீதம். இந்த எண்ணைப் பயிற்சி மையங்களின் வளர்ச்சியாகப் படிக்கலாம். நான் அதைக் காத்திருப்பின் விலைப்பட்டியலாகப் படிக்கிறேன். பத்தில் ஏழு பேர் ஒரு வருடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பயிற்சிக் கட்டணம் அந்த வருடத்தின் ஒரு பகுதி விலைதான். மிச்சப் பகுதி, வளர்ந்த பிள்ளை சம்பாதிக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு மாதம். முந்திரிக் கொட்டை உடைக்கப் போகும் தாயும் சுமை தூக்கப் போகும் தகப்பனும் அந்தப் பன்னிரண்டு மாதத்தை நாள்கூலியில் கணக்குப் பார்த்தாக வேண்டும். அண்ணன்மார் தங்கள் படிப்பை நிறுத்திக் கொடுக்கலாம். அப்படியானால் அது ஒருவர் வருடத்தைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுப்பதாகும். இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கமும் வருகிறது. எல்லாவற்றையும் காலம் என்று சுருக்கிவிட்டால், சாதி காணாமல் போய்விடாதா? வறுமை எல்லாச் சாதியிலும் உண்டே என்று யாரும் எளிதாகச் சொல்லித் தப்பிவிட மாட்டார்களா? யோசித்துப் பார்த்தால் சாதிதான் இந்த ஊரில் காலத்தின் பழைய கணக்குப்பிள்ளை என்று தோன்றுகிறது. யார் வெயிலில் நிற்க வேண்டும், யார் நிழலில் உட்கார்ந்து யோசிக்கலாம் என்று பிரித்துக் கொடுத்தது அதுதான். மூன்று தலைமுறை நிழலில் உட்கார்ந்த வீட்டில் ஒரு வருடம் உபரியாக இருப்பது இயல்பு. நேற்றுத்தான் வெயிலிலிருந்து எழுந்து வந்த வீட்டில் அது இருக்காது.

இதை யோசிக்கும் போதெல்லாம் இந்த மண்ணின் வேறொரு கணக்கு குறுக்கே வந்து நிற்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில், செடி முளைக்காமல் மழைநீர் அரித்து அரித்து வரிவரியாகக் கிடக்கும் செம்மஞ்சள் மேடுகளில் நடந்தால் காலடியில் கடல் கிடக்கிறது. சுருண்ட அம்மோனைட்டுகள், சிப்பிகள், துப்பாக்கித் தோட்டா போன்ற பெலெம்னைட்டுகள். ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் புகுந்து நின்ற காலத்தின் மிச்சம். சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாகிப் படுத்திருக்கிறது. பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் 1862-ல் எழுதிய அறிக்கையில் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அரியலூர் என்ற பெயர் அன்றிலிருந்து உலகத்துப் புவியியல் நூல்களில் இருக்கிறது. எங்கிருந்தெல்லாமோ ஆய்வாளர்கள் சுத்தியலும் பையுமாக இங்கே வந்து போகிறார்கள். இந்த மண்ணை வைத்து முனைவர் பட்டங்கள் வாங்கப்பட்டிருக்கின்றன. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அறிவு யாருடைய காணியும் அல்ல. ஆனால் அதே காரையை ஒட்டிய மலையப்ப நகரில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு பரிந்துரைத்தது 1965-ல். நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறி, கையெழுத்தாகிச் சட்டமானது 2023 ஜனவரியில். இடையில் ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல். 1965-ல் பிறந்த ஒரு நரிக்குறவக் குழந்தை, பழங்குடிப் பட்டியலில் தன் சமூகத்தின் பெயரைப் பார்க்கப் பேரன் பேத்தி எடுக்கும் வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்துக் கோடி ஆண்டைப் படிக்கக் கல்வி உலகம் நேரம் கண்டுபிடித்தது; அந்தப் பாறைகளுக்குப் பக்கத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு ஒரு சான்றிதழைக் கொடுக்க அரசு அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

காத்திருப்பு இரண்டு வகை என்று இதிலிருந்து எனக்குப் படுகிறது. வசதியுள்ளவர் காத்திருக்கும்போது அந்தக் காலம் அவருக்குள் சேர்கிறது: ஒரு புத்தகம் கூடுதலாகப் படிக்கிறார், ஒரு தேர்வைத் திரும்ப எழுதுகிறார், பிடிக்காத தலைப்பை விட்டுவிட்டுப் பிடித்த தலைப்பைத் தேடுகிறார். வசதியில்லாதவர் காக்க வைக்கப்படும்போது அந்தக் காலம் அவரிடமிருந்து கழிகிறது. வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலர் வரும்வரை, முதல் பட்டதாரிச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பு நகரும்வரை, பழங்குடி மாணவராக இருந்தால் கோட்டாட்சியர் விசாரணைக்கு நேரம் ஒதுக்கும்வரை, உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறும்வரை. எங்கே காத்திருந்தால் அவருக்குப் பயன் உண்டோ அங்கே காத்திருக்க அவரால் முடியவில்லை; எங்கே காத்திருப்பதால் ஒரு துளி பயனும் இல்லையோ அங்கெல்லாம் காத்திருக்கும்படி விதிக்கப்பட்டிருக்கிறது. ஆய்வுப் படிப்பில் இது உச்சத்துக்குப் போகிறது. ஆய்வு என்பதே பொறுமையை மூலதனமாகக் கேட்கிற வேலை. வழிகாட்டியின் அறை வாசலில் நிற்கும் நேரம், அத்தியாயத்தை அவர் படித்துத் திருப்பித் தரும்வரையிலான மாதங்கள், ஆய்வுக் குழுக் கூட்டத்துக்கான தேதி, உதவித்தொகைப் பட்டியலில் துறைத்தலைவர் கையெழுத்து, ஆய்வேட்டை ஒப்படைத்தபின் வெளித்தேர்வாளர் அறிக்கை, பிறகு வாய்மொழித் தேர்வு. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவருடைய ஓய்வு நேரம் இன்னொருவருடைய வாழ்நாளைத் தீர்மானிக்கிறது. வழிகாட்டியோடு ஒரே ஊர், ஒரே பேச்சு, ஒரே வட்டம் என்று இருப்பவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் அந்தத் தேதி கிடைத்துவிடும். கேட்கவே கூச்சப்படுகிற பிள்ளைக்கு ஒரு பருவம் போய்விடும். இதில் வெளிப்படையான அவமதிப்பு ஒன்றும் நடக்க வேண்டியதில்லை. கதவு மூடியே இருந்தால் போதும். புகார் எழுத ஒரு சொல்கூட அகப்படாது.

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்திலிருந்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போனவர் செந்தில்குமார். பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்தைச் சேர்ந்தவர். ஆய்வு வழிகாட்டி ஒதுக்கப்படாமல் காத்திருந்தார்; 2008 பிப்ரவரியில் இறந்தார். அதே வளாகத்தில் எட்டு ஆண்டுகள் கழித்து ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா இறந்தார். 2016 ஜனவரி 17 அன்று அவர் விட்டுச்சென்ற கடிதத்தை உலகமே படித்தது. கனவுகளையும் நட்சத்திரங்களையும் பற்றிய பகுதிகள் எல்லா மொழிக்கும் போயின. அதே கடிதத்தில் அவர் ஒரு கணக்கும் எழுதியிருந்தார். தனக்கு ஏழு மாத உதவித்தொகை, ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் ரூபாய் வரவேண்டும். அதை என் குடும்பத்துக்குக் கொடுங்கள், ஒரு நண்பருக்குத் தர வேண்டிய கடனை அதிலிருந்து தீர்த்துவிடுங்கள் என்ற பொருளில். எனக்கு அந்தப் பகுதிதான் கடிதத்தின் மையம் என்று படுகிறது. ஏழு மாதம் சம்பளமில்லாமல் யோசிக்கச் சொன்னார்கள் அவரை. மறு ஆண்டு மார்ச்சில், சேலத்திலிருந்து பல ஆண்டுகள், பல முறை முயன்று ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குள் போன முத்துகிருஷ்ணன் இறந்தார். நேர்காணல்களில் தனக்கு நேர்ந்ததையும், சமத்துவம் மறுக்கப்படுவதையும் பற்றி அவர் எழுதிவந்தவர். இவர்களையெல்லாம் வரிசையாக எழுதும்போது கை தயங்குகிறது. இறந்தவர்களின் பட்டியலாக ஒரு சமூகத்தின் கல்வி வரலாற்றை எழுதுவது இன்று படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்ற எண்ணம் எனக்கு உண்டு. இதே தெருக்களிலிருந்து மருத்துவர்களும் பேராசிரியர்களும் ஆட்சியர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களும் ஏதோ ஒரு வாசலில் நின்றுதான் வந்தார்கள். தாண்டி வந்தவர் பெரும்பாலும் நின்ற கதையைச் சொல்வதில்லை. அதனால் நின்ற காலமும் பொதுக் கணக்கில் ஏறுவதில்லை.

கணக்கில் ஏறாத இன்னொரு கூட்டம் பாதியில் விலகியவர்கள். 2023 டிசம்பரில் மக்களவையில் ஒரு கேள்விக்கு அரசு அளித்த பதிலின்படி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எம்.களிலிருந்து விலகிய பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் 13,626 பேர். மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருப்பதால் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்கிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு ஆய்வு மாணவர் எப்படி விலகுகிறார் என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் போதாது. மூன்றாம் ஆண்டில் உதவித்தொகை இழுத்தடிக்கும். தங்கைக்கு வரன் வரும். அந்த நேரம் பார்த்து டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 முடிவு வரும்; இளநிலை உதவியாளர் பணி. வீட்டில் கேசரி கிண்டுவார்கள். அவரும் சந்தோஷமாகத்தான் போவார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்ததற்காக அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பாதி எழுதிய ஆய்வேடு பரணில் ஏறிவிடும். அதில் இருந்தது எங்கள் முந்திரிக்காட்டுக் கூலிகளைப் பற்றிய பொருளியலாக இருந்திருக்கலாம். சுண்ணாம்புச் சுரங்கம் தோண்டியபின் இறங்கிப்போன கிணற்று நீரின் வேதியியலாக இருந்திருக்கலாம். பச்சைமலை மலையாளிப் பழங்குடியினரின் விதைகளைப் பற்றியதாக இருந்திருக்கலாம். இந்த மாவட்டங்களின் சிமெண்ட் ஆலைகளுக்காக லாரிகள் இரவும் பகலும் கல் ஏற்றிப் போகின்றன. சாலையோரப் புளியமர இலைகளில் வெள்ளைப் புழுதி படிந்து கிடக்கிறது. அந்தப் புழுதியை மூச்சில் வாங்கி வளர்ந்த ஒருவர் அதைப் பற்றிக் கேட்கும் கேள்வி வேறு யாருக்கும் தோன்றாது. அவர் விலகும்போது அந்தக் கேள்வியும் விலகிவிடுகிறது. இழப்பு அவருக்கு மட்டும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு என்ன நஷ்டம் என்பதை யாரும் எழுதிவைப்பதே இல்லை.

விலகாமல் முடித்துவிட்டவரின் நிலை என்ன? பட்டம் வாங்கியவர் கௌரவ விரிவுரையாளராகச் சேர்கிறார். ஆண்டுக்காண்டு அந்த நாற்காலி நிரந்தரம் இல்லாமலே நீள்கிறது. அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு 2019-ல் 2,331 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, நிரப்பப்படாமல் போனது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்குப் புதிய அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் நடப்பதாக இருந்த தேர்வு தள்ளிப்போனது. 2019-ல் முப்பது வயதில் விண்ணப்பித்தவர் முப்பத்தைந்தில் மறுபடி விண்ணப்பம் நிரப்பினார். அதே கதைதான் வெளிநாட்டுப் படிப்புக்கும். பட்டியலினத்தவர், நாடோடிப் பழங்குடிகள், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு 2025-ல் தேர்வானவர்கள் 106 பேர். முதலில் 40 பேருக்குத்தான் தற்காலிகக் கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்ற பதில். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இடத்துக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. அது நிதித்துறைக் கோப்புக்காக நிற்காது. தேர்வாகியும் காத்திருக்க வேண்டும் என்றால், தகுதி என்பதற்கு என்னதான் பொருள் மிஞ்சுகிறது? இவர்கள் கேட்கப்பட்டதையெல்லாம் நிரூபித்துவிட்டவர்கள். தவணை தவறியது இவர்கள் பக்கம் இல்லை.

பெண்களுக்கு இந்தக் காலம் இன்னும் குறுகியது. இருபத்தைந்தைத் தாண்டிய ஆய்வு மாணவியின் வீட்டில் ஜாதகக் கட்டு மேசைக்கு வந்துவிடுகிறது. "படிச்சு முடிச்சிட்டுப் பண்ணிக்கிறேம்மா" என்றால், "அதுக்குள்ள அப்பாவுக்கு ஒண்ணு ஆயிட்டா?" என்று திரும்பி வரும். அந்தத் தாயின் பயமும் பொய்யில்லை. மூட்டை தூக்கும் உடம்பு, செங்கல் சூளையில் வெந்த உடம்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். தகப்பனின் உடல் தேய்வதும் மகளின் ஆய்வேடு வளர்வதும் ஒரே நாட்காட்டியில் நடக்கின்றன. எது முதலில் முடியும் என்ற பந்தயத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டு, அவளுடைய மேற்கோள் குறிப்புகள் சரியாக இல்லை என்று நாம் திருத்துகிறோம். 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. அந்த ஆயிரம் பல வீடுகளில் பெண்ணைக் கல்லூரியில் தக்கவைத்திருக்கிறது. அது இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போகிறவள் தன் காலத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டைக் குறை சொல்லி முடிப்பது நேர்மையாக இருக்காது. 2021-22 கணக்குப்படி இந்திய உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. மறு ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்கம் இன்று அனிதாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. குழுமூரில் அவர் பெயரில் நூலகம் இருக்கிறது. இவை பெரிய காரியங்கள். கதவுகள் திறந்திருக்கின்றன. நுழைந்தபின் உள்ளே எவ்வளவு காலம் நிற்க முடியும் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு இன்னும் கொள்கை இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் ராஜேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் ஒரு வேதக் கல்லூரி இருந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் எவ்வளவு நெல் என்று கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரிக்குள் யார் போக முடிந்தது, யாருடைய உழைப்பில் அந்த நெல் விளைந்தது என்பதை மறந்துவிட்டு அந்தக் கல்வெட்டைக் கொண்டாட என்னால் முடியாது. விதைத்தவரும் நட்டவரும் அறுத்தவரும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதில் ஒரு தெளிவு இருக்கிறது: படிப்பவருக்கு நாளைய சோறு பற்றிய கவலை இருக்கக் கூடாது, அந்தச் சோறு நாள் தவறக் கூடாது, அதை வாய்ப்பேச்சாக விடாமல் கல்லில் எழுத வேண்டும் என்று அன்றைய அரசுக்குத் தெரிந்திருந்தது. தங்களுடையவர்களாகக் கருதியவர்களுக்கு அதைச் செய்தார்கள். அப்படியானால் காலத்தைக் கொடுப்பது எப்படி என்று இந்த நாட்டுக்குத் தெரியாமல் இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் கை இறுகியது.

அதனால் என் கவலையை முடிந்தவரை தெளிவாகச் சொல்லிப் பார்க்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கு அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவில் இரண்டு ஆண்டு கூட்டலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் இரண்டு ஆண்டு. காகிதத்தில் காலம் இருக்கிறது. உதவித்தொகையோ ஐந்து ஆண்டோடு தீர்ந்துவிடுகிறது. ஊதியமில்லாத நீட்டிப்பு, காத்திருக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே நீட்டிப்பு. அதே விதிகள் ஆய்வேடு ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் மதிப்பீடு முழுவதும் முடிய வேண்டும் என்றும் சொல்கின்றன. முடியவில்லை என்றால்? மாணவர் தாமதித்தால் தாமதக் கட்டணம், மறுபதிவுக் கட்டணம், அபராதம். நிறுவனம் தாமதித்தால் அதற்கு ஒரு விலையும் இல்லை. பொறுப்பு ஏற்பதற்கு இந்த மண்ணிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய் ரயில் கவிழ்ந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தை அவர் கட்டவில்லை, மழையை அவர் பெய்விக்கவில்லை. இருந்தும் பொறுப்பு தன்னுடையது என்றார். உயர்கல்வியில் காலம் களவு போகும்போது பொறுப்பு என்னுடையது என்று சொல்ல ஒரு நாற்காலியும் முன்வருவதில்லை.

வேண்டியது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. உதவித்தொகை அரசு ஊழியர் சம்பளம் போல மாதத்தின் அதே நாளில் வர வேண்டும்; தவறினால் வட்டியோடு வர வேண்டும். வழிகாட்டி கிடைக்காத மாதங்களும் கையெழுத்துக் கிடைக்காத மாதங்களும் மாணவரின் கணக்கில் கழியக் கூடாது. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு ஆங்கிலம் பிடிபட, நூலகம் பழக, தலைப்பு தவறிப்போய்த் திருத்திக்கொள்ள ஊதியத்தோடு ஓர் ஆண்டு கூடுதலாகத் தர வேண்டும். பிளஸ் டூவில் தவறவிட்ட பிள்ளைக்கு மறுபடி எழுத ஓர் ஆண்டு சோறும் தங்குமிடமும் அரசே தர வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதோடு எத்தனை பேரை எவ்வளவு மாதம் காக்க வைத்தோம், எத்தனை பேர் எந்தக் கட்டத்தில் விலகினார்கள் என்பதையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சலுகை என்று இதற்குப் பெயர் வைப்பவர்கள் இருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகச் சிலருக்கு வீட்டிலிருந்தே கிடைத்துவந்த ஒன்றைத்தான் பொதுப் பணத்தில் மற்றவர்களுக்கும் கொடுக்கச் சொல்கிறோம். ஒருமுறை தோற்று, பசியில்லாமல் யோசித்து, மறுமுறை முயலும் வாய்ப்பு ஒரு சிலரிடம் மட்டும் இருக்கும்வரை, எந்தத் தேர்வும் அறிவை அளப்பதில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் வருடங்களைத்தான் அளக்கிறது. அந்த வருடங்களைச் சமமாகப் பங்கிட்டுவிட்டு அதன்பின் தகுதியைப் பற்றிப் பேசுவோம். அதுவரை தகுதி என்று யார் சொன்னாலும், உங்களுக்கு எத்தனை வருடம் யார் கொடுத்தார்கள் என்று திருப்பிக் கேட்கும் உரிமை எங்கள் பிள்ளைகளுக்கு உண்டு.